மெட் ஸ்கூல் சேர, பெரிய பெயருள்ள கல்லூரி வேண்டுமா?

டல்லாஸ் புறநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அவருடைய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 17 வயது. டாக்டர் ஆக வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வருபவள். இப்போது இரண்டு இடங்களில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. ஒன்று கிழக்குக் கடற்கரையில் உள்ள, ஊரில் யாரிடம் சொன்னாலும் புருவம் உயர்த்தும் தனியார் பல்கலைக்கழகம். வருடத்துக்கு 92,000 டாலர்; குடும்ப வருமானத்தைக் காட்டி நிதி உதவி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றொன்று வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகமான யூ.டி. டல்லாஸ். அங்கே கல்விக் கட்டணம் முழுவதும் உதவித்தொகையில் போய்விடும். மகளின் பெயரில் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் 1,10,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு மகனும் இருக்கிறான்.

கணவர் திருச்சியில் பெயர் பெற்ற பொறியியல் கல்லூரியில் படித்தவர். "அந்தப் பெயர்தான் என்னை அமெரிக்கா வரைக்கும் கொண்டுவந்தது. வீட்டு மேல் கடன் வாங்கியாவது அவளைப் பெரிய இடத்தில் சேர்ப்பேன்" என்கிறார். கோயம்புத்தூரில் டாக்டராக இருக்கும் அண்ணனும் போனில் அதையேதான் சொல்கிறார்: "சென்னை மருத்துவக் கல்லூரியில், எம்எம்சியில் படித்தவனும் ஏதோ ஒரு காலேஜில் படித்தவனும் ஒன்றா?" அந்தத் தனியார் பல்கலைக்கழகம், தன் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மெட் ஸ்கூல் இடம் கிடைப்பதாகச் சொல்கிறதாம். வெளி மாநிலத்தில் படித்தால் டெக்சஸ்காரர் என்ற தகுதி போய்விடுமோ என்று இந்தத் தாய்க்குப் பயம். ஒரு வாரமாக வீட்டில் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். கிரீன் கார்டு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வது அவர் படித்த ஊருக்குச் சரி. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவுடன் நேராக மருத்துவம். நீட் ரேங்க் கல்லூரியை முடிவு செய்கிறது. அந்தக் கல்லூரியின் பெயர் கடைசி வரை கூட வருகிறது. இங்கே உங்கள் மகள் இப்போது சேரப் போவது மருத்துவக் கல்லூரியே அல்ல. நான்கு வருட இளநிலைப் படிப்பு முடிந்து, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, அதன் பிறகுதான் மெட் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். எம்எம்சி என்ற ஒப்பீடு பொருந்துமானால் அந்த இரண்டாம் கட்டத்துக்குத்தான் பொருந்தும். மெட் ஸ்கூல் முடித்து ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்போது, அண்டர்கிராட் எங்கே என்பதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நோயாளிகள் கேட்பதே இல்லை.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் துறையில் கம்பெனிகள் கல்லூரி வாசலுக்கே வந்து ஆள் எடுத்தார்கள்; பெயர் நேரடியாக வேலை செய்தது. மெட் ஸ்கூல் ஆள் எடுக்கும் விதம் வேறு. டெக்சஸில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் சில ஆண்டுகள் விண்ணப்பங்களை வாசித்தவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விண்ணப்பத்தைத் திறந்தால் தெரிவது

கல்லூரியின் பெயர் மேலே ஒரு வரியில் இருக்கும். அதற்குக் கீழே ஒரு கட்டம்: முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று வரிசை, அறிவியல் பாடங்களின் ஜிபிஏ (4.0க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்), மற்ற பாடங்களின் ஜிபிஏ, மொத்தம் என்று பத்திகள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்துத் தனியாக ஒரு ஜிபிஏ போடுகிறார்கள். வாசிப்பவரின் கண் முதலில் போவது அங்கேதான். பிறகு எம்கேட். 472இலிருந்து 528 வரை மதிப்பெண்; 500 நடுப்புள்ளி. நாடு முழுவதும் எம்.டி. படிப்பில் சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.8ஐ ஒட்டியும், எம்கேட் 512ஐ ஒட்டியும் இருக்கிறது. ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்குச் சற்று அதிகமானவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள்.

ஏற்ற இறக்கத்தையும் பார்ப்போம். முதல் வருடம் கெமிஸ்ட்ரியில் பி வாங்கி, மூன்றாம் வருடம் பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கியவரைப் பற்றி நல்லதாகத்தான் பேசுவோம். அது எதிர்த்திசையில் போனால் கேள்வி வரும்.

அப்புறம் அனுபவப் பட்டியல். நான் அடிக்கடி பார்த்த இரண்டு வகை மாணவர்களைச் சொல்கிறேன். ஒருவர் பெயர் பெற்ற பல்கலைக்கழகம், புகழ்பெற்ற ஆய்வகத்தில் இரண்டு கோடைகள், ஒரு கட்டுரையில் ஏழாவது பெயர். ஆனால் நோயாளியோடு இருந்த நேரம் என்று பார்த்தால் ஒரு டாக்டருக்குப் பின்னால் நாற்பது மணி நேரம் நின்றது மட்டும். இன்னொருவர் பக்கத்து அரசுப் பல்கலைக்கழகம், முதியோர் இல்லத்தில் சிஎன்ஏ, அதாவது செவிலியர் உதவியாளர் வேலை. டிமென்ஷியா வந்த பாட்டி ஒருவர் குளிக்க மறுத்தபோது, முதலில் கால்களை மட்டும் வெந்நீரில் வைக்கச் சொல்லிப் பேச்சுக் கொடுத்து சம்மதிக்க வைத்ததை நான்கு வரியில் எழுதியிருப்பார். நேர்முகத்துக்கு இரண்டாமவரைக் கூப்பிட யாரும் தயங்கியதாக எனக்கு நினைவில்லை. முதலாமவரைப் பற்றித்தான் விவாதம் நடக்கும்.

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், அதாவது ஏஏஎம்சி, சேர்க்கை அலுவலர்களிடம் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள் என்று கேட்டபோது, இளநிலைக் கல்லூரியின் தரத்துக்குத் தனியார் மருத்துவக் கல்லூரிகள் ஓரளவு முக்கியத்துவம் தந்தன. அரசு மருத்துவக் கல்லூரிகள் அதைக் கீழே வைத்தன. மகளின் லட்சியம் நாட்டின் முதல் பத்து தனியார் மெட் ஸ்கூல்களில் ஒன்று, பிறகு ஆராய்ச்சி என்றால் கிழக்குக் கடற்கரையின் பெயர் கொஞ்சம் உதவும். டெக்சஸில் நல்ல டாக்டராக வேண்டும் என்றால் அந்த உதவி மிகச் சிறியது. ஆண்டுதோறும் அதிக விண்ணப்பதாரர்களை அனுப்பும் கல்லூரிகளின் பட்டியலையும் ஏஏஎம்சி வெளியிடுகிறது. அதில் முன்வரிசையில் இருப்பவை யூசிஎல்ஏ, யூ.டி. ஆஸ்டின், புளோரிடா, மிச்சிகன் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள். அவை பிரம்மாண்டமானவை என்பதும் ஒரு காரணம், அதனால் இந்தப் பட்டியலை வைத்து வெற்றி விகிதம் பேச முடியாது. ஆனால் அரசுப் பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்ததும் குழுவில் யாரும் ஒதுக்கி வைப்பதில்லை என்பதற்கு இது போதும்.

எதிர்ப்பக்கத்து வாதம் ஒன்றும் உங்கள் காதுக்கு வரும்: "பெரிய இடத்தில் போட்டி அதிகம், ஜிபிஏ அடிபடும், சின்ன இடத்தில் சுலபமாக 4.0." இதையும் அப்படியே நம்பாதீர்கள். பிரின்ஸ்டன் 2004 முதல் 2014 வரை ஏ கிரேடுகளுக்கு 35 சதவீதம் என்று ஒரு வரையறை வைத்திருந்தது, உண்மை. அதே நேரம் ஹார்வர்டில் தரப்படும் கிரேடுகளில் சுமார் 60 சதவீதம் ஏ என்று 2025இல் அவர்களே அறிக்கை விட்டார்கள். யூ.டி. டல்லாஸில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் நிறையப் பேர் பிரீமெட்டாக, அதாவது மெட் ஸ்கூலுக்குத் தயாராகிறவர்களாக இருப்பார்கள். அங்கேயும் ஏ சும்மா வராது.

மகள் ஹைஸ்கூலிலேயே டூயல் கிரெடிட் என்ற கல்லூரிப் பாடங்கள் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மார்க்குகளும் மெட் ஸ்கூலுக்குப் போகும் ஜிபிஏவில் சேரும். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் பின்னாலேயே வரும். பல பெற்றோருக்கு இது கடைசியில்தான் தெரிகிறது.

அந்த 90 சதவீதம்

இந்த எண்ணை யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: 90 சதவீதம், யாரில்? முதல் வருடம் "நான் பிரீமெட்" என்று சொல்லி நுழைந்தவர்களிலா, நான்காம் வருடம் விண்ணப்பித்தவர்களிலா? இரண்டுக்கும் நடுவில் பெருங்கூட்டம் வேறு பக்கம் போய்விடுகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. சில கல்லூரிகளில் பிரீமெட் அலுவலகம் கல்லூரியின் சார்பில் குழுக் கடிதம் என்று ஒரு பரிந்துரைக் கடிதம் தரும். மார்க் குறைவானவர்களுக்கு அந்தக் கடிதத்தைத் தராமலோ, "அடுத்த வருடம் போடு" என்று சொல்லியோ நிறுத்துகிற இடங்கள் இருக்கின்றன. விண்ணப்பிப்பவர்களை முன்கூட்டியே வடிகட்டிவிட்டால் சதவீதம் தானாக உயரும். நீங்கள் சொல்லும் பல்கலைக்கழகம் அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள் என்கிறேன். நாடு முழுவதையும் எடுத்தால், ஜிபிஏ 3.8ம் எம்கேட் 518ம் தாண்டியவர்களிலேயே ஐந்தில் ஒருவர் அளவுக்கு அந்த ஆண்டு எங்கும் இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள். இந்தப் படிப்புக்கு உத்தரவாதம் தரும் கல்லூரி கிடையாது.

டெக்சஸ் தகுதி பற்றிய பயம்

இதில் நிம்மதியாக இருங்கள். நீங்கள் டெக்சஸில் வசித்து, வருமான வரியில் மகளைச் சார்ந்திருப்பவராகக் காட்டும் வரை, அவள் படிக்க வெளியே போனதால் மட்டும் அந்தத் தகுதி போகாது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் காரணம் இருக்கிறது. டெக்சஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தது 90 சதவீத இடங்கள் டெக்சஸ்வாசிகளுக்கு என்று சட்டமே இருக்கிறது. டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற ஒரே விண்ணப்பத்தில் சவுத்வெஸ்டர்ன், கேல்வெஸ்டன், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று வரிசையாகப் போட்டுவிடலாம். கட்டணமும் நாட்டின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இந்த மாநிலத்தில் இருப்பது உங்கள் மகளுக்குக் கிடைத்த பெரிய சலுகை. எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் விட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பணம்

இதில்தான் உங்கள் வீட்டுக் கணக்கு தவறிப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். "மிச்சத்துக்குப் பேரண்ட் பிளஸ் லோன் (பெற்றோர் பெயரில் ஃபெடரல் அரசு தரும் கல்விக் கடன்), பிறகு மெட் ஸ்கூலுக்கு அவள் பெயரில் லோன், டாக்டரானதும் கட்டிவிடுவாள்" என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இந்த இரண்டையும் மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குப் பேரண்ட் பிளஸ் ஆண்டுக்கு 20,000 டாலர், ஒரு பிள்ளைக்கு மொத்தமாக 65,000 டாலர் வரைதான். மெட் ஸ்கூல் மாணவர்கள் முழுச் செலவுக்கும் வாங்கி வந்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்.

உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். தனியார் பல்கலைக்கழகம், கட்டணம் உயராது என்றே வைத்துக்கொண்டாலும், நான்கு வருடத்துக்கு 3,68,000. 529 கணக்கைத் துடைத்து எடுத்தால் 1,10,000. பேரண்ட் பிளஸ் 65,000. மகள் பெயரில் கிடைக்கும் மாணவர் கடன் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 27,000. இன்னும் 1,66,000 டாலர் துண்டு விழுகிறது. அதுதான் உங்கள் வீட்டின் மேல் ஏறப் போகிற கடன். அவள் நேராக மருத்துவம் படிக்கத் தொடங்கினால், அதே வருடம் உங்கள் மகன் கல்லூரியில் சேரும் நிலையில் நிற்பான். 529இல் ஒரு டாலர் இருக்காது.

இப்போது யூ.டி. டல்லாஸ். கல்விக் கட்டணம் இல்லை. விடுதி, சாப்பாட்டுக்கு ஓரளவு எடுத்தாலும் 529இல் பெரும்பகுதி அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பணத்தை மெட் ஸ்கூலுக்கும் எடுக்கலாம், தடையில்லை. டெக்சஸ் அரசு மெட் ஸ்கூல் என்றால் தங்குமிடத்தோடு சேர்த்தும் செலவு அந்த 50,000 வரம்பை ஒட்டித்தான் வரும், சமாளிக்கலாம். வெளியே ஒரு தனியார் மெட் ஸ்கூலில்தான் இடம் கிடைத்தது என்றால் வருடத்துக்கு ஒரு லட்சத்தை நெருங்கும். அப்போது ஃபெடரல் கடன் பாதியில் நின்றுவிடும். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன், பெற்றோர் கையெழுத்து. சேமிப்பு கையில் இருக்க வேண்டிய நேரம் அதுதான். விதைநெல்லை இப்போதே குத்திச் சாப்பிட்டுவிட வேண்டாம் என்பேன்.

"என்ஒய்யூவில் இலவசம், ஐன்ஸ்டீனில் இலவசம்" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான், நியூயார்க்கின் இந்த மெட் ஸ்கூல்களில் என்ஒய்யூ 2018இலும், ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 2024இல் நூறு கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகும் கல்விக் கட்டணத்தை எடுத்துவிட்டன. அதனாலேயே அங்கே கூட்டம் அலைமோதுகிறது. அதை நம்பிக் குடும்ப பட்ஜெட் போட முடியாது.

பெரிய பெயருக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் உண்டு. உங்கள் கணவர் அதைச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். 17 வயதில் டாக்டர் என்று சொல்பவர்களில் நிறையப் பேர் 20 வயதில் வேறு ஏதோ சொல்கிறார்கள். மகள் மனம் மாறி கன்சல்டிங், நிதித்துறை, அரசியல் என்று போனால் அந்தப் பெயர் அங்கே கதவு திறக்கும். நல்ல பிரீமெட் ஆலோசகர்கள், கூடவே ஓடும் கெட்டிக்காரப் பிள்ளைகள், பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை என்பதெல்லாமும் உண்மையான லாபங்கள். வருடத்துக்குப் பத்து, பதினைந்தாயிரம் டாலர்தான் வித்தியாசம் என்றால் "போகட்டும், விடுங்கள்" என்றே எழுதியிருப்பேன். இருக்கும் வித்தியாசத்துக்கு, இந்த லாபங்களை அவள் டல்லாஸிலேயே தேடிக்கொள்ளலாம். சவுத்வெஸ்டர்ன் மருத்துவப் பல்கலைக்கழகமும், அதை ஒட்டிய பார்க்லண்ட் மருத்துவமனையும் காரில் போய்வரும் தூரம். முதல் வருடமே ஆய்வகங்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கலாம். டாக்டருக்குக் குறிப்பெடுத்துத் தரும் ஸ்கிரைப் வேலை, சிஎன்ஏ வேலை கிடைக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இப்போது பட்டத்துக்கும் மெட் ஸ்கூலுக்கும் நடுவில் ஒரு வருடமாவது இடைவெளி எடுக்கிறார்கள். அவளும் எடுத்தால் "நான்கே வருடத்தில் போகவில்லையா" என்று கேட்காதீர்கள். பயாலஜிதான் மேஜராக எடுக்க வேண்டும் என்றும் இல்லை. தேவையான அறிவியல் பாடங்களை முடித்தால் தமிழ் இலக்கியம் படித்துவிட்டும் மருத்துவம் சேரலாம், அது எங்கே கற்பிக்கப்படுகிறதோ அங்கே.

கடிதம் முழுவதும் தேடியும் மகள் என்ன நினைக்கிறாள் என்பது ஒரு வரியில்தான் இருக்கிறது: "எனக்கு ரெண்டுமே ஓகே என்கிறாள்." அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் நிற்கும் வீட்டில் பெண் பிள்ளை வேறு என்ன சொல்வாள்? அவளை உட்கார வைத்து, மேலே போட்ட கணக்கை மறைக்காமல் காட்டுங்கள். 1,66,000 என்ற எண்ணை அவள் பார்க்கட்டும். வீட்டை விட்டு வெளியே போக ஆசைப்படுகிறாள் என்றால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், யூ.டி. டல்லாஸிலேயே விடுதியில் தங்கலாம். அரை மணி நேரம்தானே, வீட்டிலிருந்தே போய்வா என்று பிடித்து வைக்க வேண்டாம்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தரப்படுவது) பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இந்தப் பதில் உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல மெட் ஸ்கூல்கள் எடுப்பதே இல்லை; எடுப்பவற்றில் சில, ஓராண்டுக் கட்டணமோ அதற்கு மேலோ முன்கூட்டியே வங்கியில் கட்டி வைக்கச் சொல்கின்றன. ஃபெடரல் கடனும் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிவதையும் சேர்த்து, கல்லூரி தேர்ந்தெடுக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

சகோதரி, மே 1க்கு முன்னால் இன்னும் ஒரு முயற்சி பாக்கி இருக்கிறது. அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதுங்கள். மறுபரிசீலனை கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இங்கே எல்லோரும் செய்வதுதான். மகன் இருப்பதை, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தை, கடந்த வருடம் கணவரின் வருமானத்தில் ஏதும் மாற்றம் இருந்தால் அதை, சான்றுகளோடு எழுதுங்கள். யூ.டி. டல்லாஸ் உதவித்தொகைக் கடிதத்தின் நகலையும் இணைக்கலாம். கடிதத்தைக் கணவரே எழுதட்டும், எண்களை அவரே தட்டச்சு செய்யட்டும். ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்தார்கள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கைத் திரும்பப் போடலாம். குறைக்கவில்லை என்றால் யூ.டி. டல்லாஸுக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.